உதிரும் மட்டையும் உரிக்கும் பட்டையும்

சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை சாலையில் கிழக்கே போகிறவர்களுக்கு அயோத்தியாப்பட்டணம் தாண்டியதுமே தெரிந்துவிடும். குச்சிக்கிழங்குக் காடும் மக்காச்சோளக் காடுமாக விரியும் சமவெளியில், கிணற்றில் தண்ணீர் நிற்கிற இடமெல்லாம் பாக்குத் தோப்பு. வாழப்பாடி, பேளூர், பெத்தநாயக்கன்பாளையம், ஆத்தூர் என்று வசிஷ்ட நதியை ஒட்டிய ஊர்களுக்குப் பாக்கு வெறும் தாம்பூலச் சரக்கு அல்ல. பச்சைக் காயை உரித்து, வேகவைத்து, களத்தில் காயவைத்து வெளிமாநிலங்களுக்கு ஏற்றி அனுப்புகிற பெரிய வியாபாரம் அது. உரிப்புக் காலத்தில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து காய் உரிப்பார்கள்.

இந்தக் கட்டுரை காயைப் பற்றியது அல்ல. அதே மரத்திலிருந்து தானாக விழுகிற மட்டையைப் பற்றியது.

பாக்கு மரம் ஆண்டுக்கு ஆறேழு மட்டைகளை உதிர்க்கும். ஏக்கருக்கு ஐந்நூறு மரம் என்று வைத்துக்கொண்டால் மூவாயிரம் மட்டை. ஒரு காலத்தில் அவற்றை வேலியோரம் குவித்து எரித்தார்கள். கொஞ்சம் அடுப்புக்குப் போயிற்று. மீதியில் ஒருவர் உட்கார மற்றவர் இழுக்க, பிள்ளைகள் வண்டி ஓட்டினார்கள். பிறகு யாரோ அதைச் சூட்டில் அழுத்தித் தட்டாக்கலாம் என்று கண்டுபிடிக்க, குப்பை சரக்கானது. ஒரு மரத்தையும் வெட்டாமல், ஒரு கிளையையும் ஒடிக்காமல், விழுந்ததைப் பொறுக்கிச் செய்கிற தொழில். உலகத்தில் இப்படிப்பட்ட தொழில்கள் அதிகம் இல்லை.

இதற்கு ஒரு மூத்த உறவு ஐரோப்பாவில் இருக்கிறது. போர்ச்சுகல் நாட்டின் தக்கை. பாக்குமட்டைத் தொழில் இன்று மாட்டிக்கொண்டிருக்கும் நெருக்கடியைப் போன்ற ஒன்றை அந்தத் தக்கைத் தொழில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்தது, மீண்டும் வந்தது. எப்படி மீண்டது என்பதை நம் ஊர் மட்டைத் தொழிலோடு வைத்துப் பார்க்க வேண்டிய நேரம் இது.

ஒன்பது ஆண்டுக்கு ஒரு சட்டை

கிராமத்து மைதானத்தில் கார்க் பந்தில் கிரிக்கெட் ஆடியவர்களுக்கும், பள்ளி ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவையை மூடியவர்களுக்கும் தக்கை தெரியும். அது ஒரு ஓக் மரத்தின் பட்டை. மத்தியதரைக் கடலின் மேற்குக் கரைகளில், அதாவது போர்ச்சுகல், ஸ்பெயின், மொராக்கோ, அல்ஜீரியா பக்கங்களில்தான் அந்த மரம் செழிக்கிறது. உலகத் தக்கையில் ஏறக்குறைய பாதி போர்ச்சுகலில் விளைகிறது. அங்கே ஏழு லட்சம் ஹெக்டேருக்கும் மேல் தக்கைக் காடுகள்.

அந்த விவசாயத்தின் பொறுமை நம்மை அசர வைக்கும். கன்று நட்டு இருபத்தைந்து ஆண்டு ஆனபிறகுதான் முதல் பட்டையை உரிக்கிறார்கள். அது கரடுமுரடானது, பாட்டில் மூடிக்கு ஆகாது. பிறகு ஒன்பது ஆண்டு காத்திருந்து இரண்டாவது உரிப்பு. அதுவும் மூடிக்கு ஆகாது. மூன்றாவது உரிப்பில்தான், மரத்துக்கு நாற்பது வயது தாண்டிய பிறகு, நல்ல மூடித் தக்கை கிடைக்கிறது. ஆகவே நடுகிறவர் பேரப்பிள்ளைகளுக்காகத்தான் நடுகிறார். மரம் இருநூறு ஆண்டு வரை வாழும். கோடையில் மட்டும் உரிப்பார்கள். கோடாரியால் வெடிப்பைத் திறந்து, உள்தோலில் காயம் படாமல் பட்டையைச் சட்டைபோலக் கழற்றுவார்கள். உரித்த ஆண்டின் கடைசி எண்ணை அடிமரத்தில் வெள்ளைச் சாயத்தில் எழுதி வைப்பார்கள். 4 என்று எழுதியிருந்தால் 2024இல் உரித்தது, அடுத்தது 2033 என்று எந்தக் கூலியாளுக்கும் புரியும். அரசாங்க அனுமதி இல்லாமல் ஒரு தக்கை மரத்தை அங்கே வெட்ட முடியாது.

ராபர்ட் ஹூக் 1665இல் தன் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தது இந்தத் தக்கையின் மெல்லிய சீவலைத்தான். தேனடைபோன்ற அறைகளைக் கண்டு அவர் வைத்த பெயரில்தான் உயிரணுவை இன்றும் ஆங்கிலத்தில் அழைக்கிறார்கள். ஒரு கன சென்டிமீட்டரில் ஏறத்தாழ நான்கு கோடி அறைகள், உள்ளே காற்று. அதனால்தான் அது மிதக்கிறது, அமுங்கினால் திரும்ப எழுகிறது, சூட்டையும் சத்தத்தையும் தடுக்கிறது.

இன்றைய வடிவமைப்பாளர்கள் இந்தக் குணங்களைத் தேடித்தான் வந்தார்கள். 2010 ஷாங்காய் உலகக் கண்காட்சியில் போர்ச்சுகல் தன் அரங்கத்தின் வெளிச்சுவரையே தக்கையால் மூடியது. 2012இல் லண்டனின் செர்பென்டைன் கோடை அரங்கத்தில் ஹெர்ட்சாக் - த மியூரோன் கட்டட வடிவமைப்பு நிறுவனமும் கலைஞர் ஐ வெய்வெய்யும் தரை முதல் இருக்கை வரை தக்கையில் அமைத்தார்கள். 2019இல் இங்கிலாந்தின் ஈட்டன் ஊரில் ஒரு வீடு கட்டி முடித்தார்கள்: சுவரும் கூரையும் தக்கைக் கட்டிகளால் ஆனவை, சிமென்ட் கலவை இல்லை, பசை இல்லை, ஒன்றின் மேல் ஒன்றாகப் பூட்டி அடுக்கியவை. நாளைக்குப் பிரித்தெடுத்து வேறு இடத்தில் திரும்ப அடுக்கலாம்.

அந்தக் கட்டிகள் செய்யும் முறை இன்னும் சிறப்பு. தக்கைத் துகளை அச்சில் அடைத்துச் சூடான நீராவி பாய்ச்சினால், அதற்குள் இருக்கும் பிசினே உருகித் துகள்களை ஒட்டுகிறது. வெளியிலிருந்து எந்தப் பசையும் வேண்டாம். துகள் எங்கிருந்து வருகிறது? பாட்டில் மூடி குடைந்தெடுத்த பட்டையின் மிச்சத்திலிருந்து. அதிலும் மிஞ்சும் தூள் ஆலைக் கொதிகலனுக்கு எரிபொருள்.

கெட்ட வாசனை வந்த காலம்

இத்தனை அருமையான தொழிலுக்கும் ஒரு கெட்ட காலம் வந்தது. 1990களில் திராட்சை மது ஆலைகளிலிருந்து புகார்மேல் புகார்: தக்கை போட்ட பாட்டிலில் ஈரச் சாக்கு வாசம் அடிக்கிறது. காரணம் ட்ரைக்ளோரோஅனிசோல் என்ற ரசாயனம். தக்கையில் இருக்கும் பூஞ்சையும் குளோரினும் சேர்ந்து உண்டாக்குவது. ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். தக்கை ஆலைகள் முதலில் செய்தது மறுப்பது. இயற்கைப் பொருள், நூற்றாண்டுப் பாரம்பரியம், பழி எங்கள்மேல் மட்டும் எதற்கு என்று பேசினார்கள்.

வாங்குகிறவர்கள் காத்திருக்கவில்லை. 2000இல் ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கு ஆலைகள் சேர்ந்து திருகு மூடிக்கு மாறின. அடுத்து நியூசிலாந்து, அந்த நாட்டு பாட்டில்களில் இன்று தக்கையைப் பார்ப்பதே அபூர்வம். பிளாஸ்டிக் மூடிகளும் புகுந்தன. 2006இல் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான டபிள்யூ.டபிள்யூ.எஃப். எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டது: மூடிச் சந்தை போனால் தக்கை மரத்துக்கு மதிப்புப் போகும், மதிப்புப் போனால் காடு போகும், அதில் வாழும் ஐபீரியக் காட்டுப்பூனையும் கழுகும் போகும் என்று.

அப்போதுதான் தொழில் விழித்தது. வெளுப்பதற்குக் குளோரின் போடுவதை நிறுத்தினார்கள். பட்டையை மண்மேல் அடுக்குவதை விட்டு சிமென்ட் தளத்துக்கு மாறினார்கள். வேகவைக்கும் முறையை மாற்றினார்கள். ஆலைக்குள்ளேயே ஆய்வகம் வைத்தார்கள். 1870இல் தொடங்கிய அமோரிம் நிறுவனம் 2016இல் ஒவ்வொரு மூடியையும் தனித்தனியாகச் சோதித்து அனுப்பும் இயந்திரத்தைக் கொண்டுவந்தது. இன்னொரு பக்கம், மூடியை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று தரைப்பலகை, சுவர்த் தடுப்பு, செருப்பு, நாற்காலி, ராக்கெட்டின் வெப்பக் கவசம் வரை தக்கைக்கு வேறு வழிகளைத் தேடினார்கள். இன்று போர்ச்சுகலின் தக்கை ஏற்றுமதி ஆண்டுக்கு நூறு கோடி யூரோவுக்கு மேல்.

மறுத்துப் பேசியதால் அவர்களுக்கு ஒரு பயனும் கிடைக்கவில்லை. அளந்து காட்டியபோதுதான் வாடிக்கையாளர் திரும்பினார். வாழப்பாடிக்காரர்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

டைக்கு நடுவே ஒரு மட்டை

பாக்குமட்டைத் தட்டு அடிக்கும் கொட்டகை பெரிய ஆலை அல்ல. சிமென்ட் அட்டைக் கூரை, ஒரு தண்ணீர்த் தொட்டி, மூன்று நான்கு பிரஸ். தோப்பில் பொறுக்கி, நிழல்படக் காயவைத்துக் கட்டுக்கட்டாக வாங்கி வைத்த மட்டையை முதலில் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். காய்ந்த மட்டையை அப்படியே அழுத்தினால் விரிசல் விட்டுவிடும். ஊறியதும் பெண்கள் தேங்காய் நாரோ பிரஷ்ஷோ வைத்து இரண்டு பக்கமும் தேய்த்து மண்ணைக் கழுவுகிறார்கள். நிமிர்த்தித் தண்ணீர் வடியவிடுகிறார்கள். வடிந்தும் வடியாத பதத்தில் அதை எடுத்து, பிரஸ்ஸில் டை என்கிற அச்சுகளுக்கு நடுவே வைக்க வேண்டும். ஈரம் அதிகமானால் தட்டு வெளியே வந்த பிறகு கோணிக்கொள்ளும். குறைந்தால் ஓரம் வெடிக்கும். இந்தப் பதம் கைக்குத்தான் தெரியும்.

மேல் டையும் கீழ் டையும் நூறு டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும். பிரஸ் இறங்கியதும் உஸ்ஸென்று ஆவி கிளம்புகிறது. வேகவைத்த கிழங்கின் வாசம். ஒரு நிமிடத்துக்குள் பிரஸ் எழும்போது, வளைந்து கிடந்த மட்டை தட்டாகிவிட்டிருக்கும், ஓரத்தையும் வெட்டியாயிற்று. பெரிய தட்டு அடித்த மட்டையின் மிச்சத்தில் கிண்ணமோ சின்னத் தட்டோ அடிக்கிறார்கள். துண்டுகள் எருக்குழிக்கும் அடுப்புக்கும். ஒவ்வொரு தட்டிலும் ரேகை வேறு. சிலதில் புள்ளி, சிலதில் தேன்நிறக் கோடு. மழைக்காலம்தான் எதிரி. மட்டையில் பூஞ்சை ஏறிவிட்டால் கட்டோடு போயிற்று. அதனால் வெயில் காலத்திலேயே ஆண்டுக்கு வேண்டிய மட்டையை வாங்கி அடுக்க வேண்டும். அதற்குக் கையில் முதல் வேண்டும். முதலுக்குக் கடன் வேண்டும்.

இந்தத் தொழிலுக்குப் பெரிய கதவைத் திறந்தது தமிழக அரசின் பிளாஸ்டிக் தடை. 2018 ஜூன் 5 அன்று சட்டமன்றத்தில் அதை அறிவித்த அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, இந்தச் சேலம் மாவட்டத்துக்காரர். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை. அரசு சொன்ன மாற்றுப் பொருள்களில் பாக்குமட்டைத் தட்டும் இருந்தது. 2022 ஜூலை 1 முதல் ஒன்றிய அரசின் தடையும் சேர்ந்தது. மகளிர் குழுக்களும் படித்து முடித்த இளைஞர்களும் கடன் வாங்கி மெஷின் போட்டார்கள். கோயில் அன்னதானம், கல்யாணம், மாலை நேர டிபன் கடை என்று உள்ளூர்ச் சந்தை ஒரு பக்கம். அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஏற்றுமதி இன்னொரு பக்கம்.

2025 மே மாதம் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் தன் பக்கத்துக் கதவைச் சாத்தியது. பாக்கு மரத்து மட்டையில் செய்த தட்டு, கிண்ணங்களை உணவோடு தொடும் பொருளாக விற்கக் கூடாது என்று அறிவித்து, இறக்குமதியைத் தடுக்கும் எச்சரிக்கையும் போட்டது. பாக்கு மரத்தில் இயற்கையாக இருக்கும் ஆல்கலாய்டுகள் தட்டிலிருந்து உணவுக்குள் இறங்கலாம் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

இதைக் கேட்டதும் நம் பக்கத்தில் எழுந்த முதல் குரல் கோபம். பிளாஸ்டிக் கம்பெனிகளின் சதி என்றார்கள், வியாபாரத் தந்திரம் என்றார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. மெஷின் கடன் தவணை நிற்காது. ஆனால் அந்தக் குரலோடு நின்றுவிடுவது தற்கொலை. 'இயற்கை' என்ற சொல் ஒரு பொருளைப் பாதுகாப்பானதாக ஆக்கிவிடாது. அரளியும் இயற்கைதான். பாக்குக் கொட்டையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே சேர்த்துவிட்டது. அதில் உள்ள அரிகோலைன் என்ற ஆல்கலாய்டைப் பின்னர் புற்றுநோய் 'உண்டாக்கக்கூடும்' என்ற வகையில் வைத்தது. மட்டை வேறு, கொட்டை வேறு என்பது உண்மை. தட்டில் சாப்பிடுவது பாக்கு மெல்லுவது ஆகாது என்பதும் உண்மை. ஆனால் எவ்வளவு வேறு என்பதை எண்ணில் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

அளக்க முடியாத கேள்வி அல்ல இது. அரிகோலைன் தண்ணீரில் கரையும். ஊறப்போட்டுக் கழுவும்போது எவ்வளவு போகிறது, பிரஸ்ஸின் சூட்டில் என்ன ஆகிறது, கொதிக்கும் சாம்பாரோ எண்ணெய் வடியும் பஜ்ஜியோ தயிர்ச்சாதமோ வைத்தால் எவ்வளவு இறங்குகிறது என்று வரிசையாகச் சோதிக்கலாம். மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. காசர்கோட்டில் தோட்டப் பயிர்களுக்கென்றே மத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சேலத்திலேயே பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஒரு கொட்டகைக்காரர் தனியாக இந்தச் சோதனைக்குப் பணம் கட்ட முடியாது. அரசும் உற்பத்தியாளர் சங்கங்களும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. முடிவு சாதகமாக வந்தால் உலகத்தின் முன் வைக்கலாம். பாதகமாக வந்தாலும் வெளியிடத்தான் வேண்டும். அமெரிக்கர் வயிறு வேறு, ஆத்தூர்க்காரர் வயிறு வேறு இல்லை. ஏற்றுமதிக்கு ஆகாத தட்டை உள்ளூர் அன்னதானத்துக்குத் தள்ளிவிடுவது நியாயமான வழி அல்ல.

தட்டைத் தாண்டி

சோதனை ஒரு பக்கம் நடக்கட்டும். தக்கைக்காரர்கள் செய்த இரண்டாவது காரியத்துக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. சாப்பாட்டோடு சம்பந்தமே இல்லாத பொருள்களுக்கு மட்டையைத் திருப்புவதுதான் அது.

நெதர்லாந்து வடிவமைப்பாளர் த்யேர்ட் வேன்ஹோவன் இதை முன்பே யோசித்தவர். இந்தியப் பாக்குமட்டையைப் பார்த்த அவர், காய்ந்தால் முறியும் அதன் குணத்தைக் கிளிசரின் கலந்த கரைசலில் ஊறவைத்து மாற்றினார். மட்டை தோல்போல வளைந்தது. 'பாம் லெதர்' என்று பெயரிட்டுச் செருப்பும் பையும் தரைவிரிப்பும் செய்து காட்டினார். கிளிசரின் அபூர்வச் சரக்கு அல்ல. மருந்துக் கடையில் கிடைப்பது. நம் தோப்பில் விழுந்த மட்டைக்கு இந்த யோசனை டச்சுக்காரருக்கு வந்தது, நமக்கு வரவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. தோலுக்கென்றே மத்திய ஆராய்ச்சி நிறுவனம் சென்னை அடையாறில் 1948 முதல் இருக்கிறது. தோல் பதனிடும் அறிவும் செருப்புத் தைக்கும் கைகளும் ஆம்பூர், வாணியம்பாடியில் இருக்கின்றன. வாழப்பாடியிலிருந்து அது சில மணி நேரப் பயணம்.

சுவர்ப் பலகை, விளக்குக் கூண்டு, சோப்புக்கும் மெழுகுவத்திக்கும் பெட்டி, நர்சரி நாற்றுக்குத் தொட்டி, கண்ணாடிச் சாமான் உடையாமல் அனுப்பும் தாங்கி என்று பட்டியலை நீட்டிக்கொண்டே போகலாம். எல்லாமே வெல்லும் என்று நான் சொல்லவில்லை. மட்டைக்குத் தக்கையின் எல்லாக் குணமும் கிடையாது. அது ஈரத்தை உறிஞ்சும், ஒரே அளவில் வராது, வெளிச்சுவருக்கு நிற்காது. ஆனால் மெல்லிய, லேசான, அச்சில் எந்த வடிவமும் எடுக்கிற தகடாக அது தானே விளைகிறது. இதே பிரஸ்ஸில் டையை மட்டும் மாற்றினால் வேறு பொருள் வரும். புதிய டை ஒன்றை வெட்டத் தெரிந்த பட்டறைகள் இந்தச் சமவெளியில் குறைவா? லாரிக்குப் பாடி கட்டும் நாமக்கல், ரிக் வண்டி கட்டும் திருச்செங்கோடு, வெள்ளிக் கொலுசுக்கு நுணுக்க வேலை செய்யும் சேலம். கைத்திறன் இருக்கிறது. என்ன செய்வது என்று வரைந்து கொடுக்கும் வடிவமைப்பாளர்தான் இல்லை. அழகிய தட்டு அடிக்கும் கொட்டகை ஒன்றில்கூட வரைபட மேசை இருக்காது.

புதிதாக ஒன்றைப் பிடித்துக்கொள்ளும் துணிச்சல் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. இரண்டாம் உலகப் போரில் மலேயா, சிங்கப்பூர்ப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோனது. மீன் வியாபாரத்தில் இருந்த சேலம் மாணிக்கம் செட்டியார், மலேயாவில் அந்தத் தொழிலைப் பார்த்திருந்த போபட்லால் ஷாவுடன் சேர்ந்து 1943இல் குச்சிக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எடுக்கத் தொடங்கினார். அங்கே பனை வகை மரத்தின் சோற்றில் செய்ததை இங்கே கிழங்கில் செய்தார்கள். தொட்டிலில் துணி கட்டி மாவை உருட்டி, வாணலியில் வறுத்த சிறு முயற்சி, ஆத்தூர், ராசிபுரம், நாமக்கல் என்று பரவியது. தனித்தனியாக விற்று வியாபாரிகளிடம் சிக்கிய உற்பத்தியாளர்கள் 1981இல் சேகோசர்வ் என்ற கூட்டுறவு அமைப்பில் சேர்ந்தார்கள். 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கிழங்கு மாவு சாப்பாட்டோடு நிற்கவும் இல்லை. நூலுக்குக் கஞ்சி, அட்டைப்பெட்டிக்குப் பசை, காகிதத்துக்கு மெருகு, இப்போது மக்கும் பைகள் வரை போகிறது. மாவெடுத்து மிஞ்சும் திப்பி மாட்டுத் தீவனமாகிறது.

மட்டைக்காரர்களுக்கு இன்னும் சேகோசர்வ் போன்ற ஒன்று வரவில்லை என்பதுதான் பெரிய குறை. மட்டை வாங்குவதில் போட்டி, தட்டு விற்பதில் விலைக் குறைப்பு, தரத்துக்கு ஒரு பொது முத்திரை கிடையாது. ஒருவர் நன்றாக ஊறவைத்துத் தேய்க்கிறார், இன்னொருவர் மண்ணோடு அழுத்துகிறார். சந்தையில் இரண்டுக்கும் ஒரே விலை. போர்ச்சுகலில் தக்கை ஆலைகளுக்கென்று பொதுவான செயல்முறை விதி உண்டு. எந்த ஆலை அதைக் கடைப்பிடிக்கிறது என்று சான்றிதழ் உண்டு. பட்டையை எங்கே அடுக்க வேண்டும், எவ்வளவு வேகவைக்க வேண்டும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கிறது. நம் தொழிலிலும் எத்தனை மணி நேரம் ஊறவேண்டும், எந்தத் தண்ணீரில், எத்தனை டிகிரியில், தோப்பில் மருந்தடித்து எத்தனை நாள் கழித்து மட்டை பொறுக்கலாம் என்று ஒரே ஒரு பக்கத்தில் எழுதிவைத்தால் போதும். பாதிச் சண்டை அங்கேயே முடியும்.

மாநில அரசு இதில் மூன்று காரியம் செய்யலாம். சோதனைச் செலவை ஏற்கலாம். வாழப்பாடியிலோ ஆத்தூரிலோ பொதுவான டை பட்டறையும் வடிவமைப்புக் கூடமும் அமைக்கலாம். பிளாஸ்டிக் தடைக்காகக் கடன் வாங்கி மெஷின் போட்டு, இப்போது ஆர்டர் இழந்து நிற்கிறவர்களுக்குத் தவணையைத் தள்ளிவைக்கலாம். அரசின் தடையை நம்பி முதல் போட்டவர்கள் அவர்கள், கைவிடுவது முறையாகாது.

வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். வீட்டு விசேஷத்துக்குப் பாக்குமட்டைத் தட்டு வாங்கும்போது விலையை மட்டும் பேசாதீர்கள். எங்கே செய்தது, எப்படிக் கழுவியது, எந்த ஆய்வகத்தில் சோதித்தது என்று கேளுங்கள். வாங்குகிற நூறு பேர் கேட்டால் விற்கிறவர் சோதித்தே ஆக வேண்டும். வாழையிலை கிடைக்கிற இடத்தில் வாழையிலையையே போடுங்கள். கட்டட வரைஞர்களும் உள் அலங்காரம் செய்கிறவர்களும் ஒருமுறை வாழப்பாடிப் பக்கம் வந்து, அந்த மட்டையைக் கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள்.